டெட்ராய்ட்டும் பத்து மைல் வட்டமும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் அமெரிக்காவின் மிச்சிகனில், டெட்ராய்ட்டின் புறநகரான நோவாய் என்ற ஊரில் இருக்கிறேன். கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை. டெட்ராய்ட் திவாலான கதையை நீங்கள் எழுதியபோது, 2013ல் பொருளாதார அறிஞர் பால் க்ருக்மன் தன் பத்திரிகைப் பத்தியில் காட்டிய ஒரு கணக்கை எடுத்துச் சொல்லியிருந்தீர்கள். டெட்ராய்ட் வட்டாரத்து வேலைகளில் கால் பங்குகூட நகர மையத்திலிருந்து பத்து மைலுக்குள் இல்லை. பென்சில்வேனியாவின் பழைய எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில் பாதிக்கு மேல் இருக்கிறது. அதனால்தான் அது பிழைத்தது, இது விழுந்தது என்று.

எனக்கு அந்த மனிதர் மேலேயே நம்பிக்கை இல்லை. இணையத்தால் பொருளாதாரத்துக்கு வரும் மாற்றம் ஃபேக்ஸ் மெஷினால் வந்ததைவிடப் பெரிதாக இருக்காது என்று 1998ல் எழுதியவர். 2021ல் விலைவாசி ஏற்றம் தற்காலிகம்தான் என்றார், அடுத்த வருடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றார். ஐம்பது வருடமாக டெட்ராய்ட்டை ஆண்டது அவருக்குப் பிடித்த ஜனநாயகக் கட்சி. ஊழல், குற்றம், வரி, தாங்க முடியாத பென்ஷன், இதற்கெல்லாம் பயந்துதான் கம்பெனிகள் ஓடின. வேலைகள் சிதறியது காய்ச்சல் மாதிரி, அது நோய் இல்லை. இவரை எப்படி ஆதாரமாகக் கொள்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்), நோவாய்

அன்புள்ள நண்பருக்கு,

ஆளைப் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஃபேக்ஸ் மெஷின் உண்மை. விலைவாசியும் உண்மை, 2022ல் அவரே பத்தி எழுதி ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு 2008ல் நோபல் கிடைத்தது எதற்கு? வணிகம் எப்படி நடக்கிறது, தொழில்கள் ஏன் ஓரிடத்தில் போய்க் குவிகின்றன என்ற ஆய்வுக்கு. 1991ல் அவர் எழுதிய பேர்பெற்ற கட்டுரையே அதைப் பற்றியதுதான். இணையத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் அடுத்தவர் வயலில் நின்றார். ஒரு நகரத்தின் வேலைகள் எங்கே இருக்கின்றன என்பது அவருடைய சொந்த வயல். புத்தூர் கட்டுப் போடுகிறவர் மழை எப்போது வரும் என்று சொல்லி ஏமாந்தார் என்பதற்காக, உடைந்த கையை வேறு எங்கோ கொண்டுபோகிறவர்கள் உண்டா?

கட்சி விஷயத்திலும் நீங்கள் அவருக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறீர்கள். டெட்ராய்ட் நிர்வாகம் படுமோசம் என்று அந்தப் பத்தியிலேயே ஒப்புக்கொள்கிறார். அவருடைய சண்டை வேறு ஆட்களோடு. டெட்ராய்ட்டைக் காட்டி, ‘பார், பென்ஷன் கொடுத்தால் இதுதான் கதி’ என்று நாடு முழுக்கப் பயமுறுத்தக் கிளம்பியவர்களுக்கு எழுதிய பதில் அது.

அங்கேதான் சிக்கலும். சண்டையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசுவோம் இல்லையா, அந்த எண்ணும் அப்படித்தான் வீசப்பட்டது. நானும் வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் அதை அப்படியே வாங்கி எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரிதான் உட்கார்ந்து பார்த்தேன். டெட்ராய்ட்டின் நகர மையம் ஆற்றங்கரையில் இருக்கிறது. எதிர்க்கரை கனடா, விண்ட்சர் நகரம். மையத்தில் காம்பஸ் ஊசியைக் குத்தி பத்து மைலுக்கு வட்டம் போட்டால் கிட்டத்தட்டப் பாதி வட்டம் வேறு நாட்டில் விழுகிறது. அங்கே இருக்கும் வேலைகள் அமெரிக்கக் கணக்கில் வராது. பிட்ஸ்பர்க் மையம் மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் இருந்தாலும் நாலு பக்கமும் அமெரிக்க மண்தான். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தது சரியில்லை. பாதி வட்டத்துக்குக் கழிவு கொடுத்தாலும் டெட்ராய்ட் வேலைகள் சிதறிக் கிடப்பது நிஜம்தான். ஆனால் கால் பங்கு, அரைப் பங்கு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வரும் அதிர்ச்சி நியாயமானதில்லை.

பிட்ஸ்பர்க்கையும் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1950ல் அங்கே 6.77 லட்சம் பேர், 2010ல் 3.06 லட்சம். அதுவும் பாதிக்கு மேல் கரைந்த ஊர். நிதி நெருக்கடியில் உள்ள நகரம் என்று 2003ல் பென்சில்வேனியா மாநிலம் அறிவித்து, 2018 வரை கண்காணிப்பில் வைத்திருந்தது. அதாவது, டெட்ராய்ட்டுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாராக அதை நிறுத்தியபோது அதுவே தண்டனைப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தது. இன்னொன்று, பெரிய எஃகு ஆலைகள் பலவும் ஹோம்ஸ்டெட், பிராடக் போன்ற ஆற்றோரச் சிற்றூர்களில் இருந்தன. எஃகு செத்தபோது அந்த ஊர்களும் செத்தன. அது பிட்ஸ்பர்க் கணக்கில் ஏறவில்லை. மையத்துக்குப் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகங்களும் ஆஸ்பத்திரிகளும் மிஞ்சின, வளர்ந்தன. வேலைகள் மையத்தில் இருந்ததால் ஊர் பிழைத்ததா, பிழைத்த வேலைகள் தற்செயலாக மையத்தில் இருந்தனவா?

க்ருக்மனே இதைப் பாதி ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஒரு வாரம் கழித்து அட்லாண்டாவைப் பற்றி எழுதினார். அதுவும் கண்டபடி பரந்து கிடக்கும் ஊர், ஆனால் வளரும் ஊர். அங்கே அவருடைய குறை, ஏழைப் பிள்ளைகள் மேலே வர முடியவில்லை என்பது. அப்படியென்றால் சிதறல் மட்டுமே ஒரு ஊரைத் திவாலாக்கிவிடாது.

இனி உங்கள் பக்கம். குற்றமும் ஊழலும் முதலில், ஓட்டம் பிறகு என்கிறீர்கள். வருடங்கள் அதற்கு ஒத்துவரவில்லை. கிறைஸ்லரின் டாங்கி ஆலை நகரத்துக்கு வெளியே வாரனில் எழுந்தது போர்க்காலத்தில். ஃபோர்டின் வில்லோ ரன் விமான ஆலை இன்னும் தூரம், இப்சிலாண்டி பக்கம். நகரத்தின் பெரிய கடையான ஹட்சன்ஸ்காரர்கள் புறநகரான சவுத்ஃபீல்டில் நார்த்லேண்ட் வணிக வளாகத்தைத் திறந்தது 1954. ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்ப வளாகம் வாரனில் திறந்தது 1956, பேக்கார்டு கம்பெனி நகரத்துக்குள் கார் செய்வதை நிறுத்தியதும் அதே வருடம். அப்போது ஊர் 18.5 லட்சம் பேர் என்ற உச்சத்திலிருந்து இறங்கத் தொடங்கிய நேரம். நகராட்சி வருமான வரி வந்ததே 1962ல். 43 பேர் செத்த கலவரம் 1967ல்.

பிறகு ஏன் போனார்கள்? இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய கார் ஆலை பல மாடிக் கட்டடம், மேலிருந்து கீழே இறங்கி இறங்கிக் கார் உருவாகும். புதியது ஒரே தளத்தில் நீண்டுகொண்டே போகும் கொட்டகை. நெருக்கமாக வீடு கட்டி முடித்த ஊருக்குள் அதற்கு இடம் ஏது? யூனியன் பலமாக இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் விலகியிருக்கலாம் என்ற எண்ணமும் முதலாளிகளுக்கு இருந்தது.

அதற்கு அப்புறம் நீங்கள் சொல்வதெல்லாம் சரி. கலவரத்துக்குப் பின் ஓட்டம் வேகமானது. வரியைக் கூட்டினார்கள், சேவை குறைந்தது, இன்னும் பலர் போனார்கள். 2005ல் பென்ஷன் நிதியை நிரப்ப 140 கோடி டாலர் கடன் வாங்கினார்கள், அதோடு சேர்த்துப் போட்ட வட்டி ஒப்பந்தங்கள் கழுத்தை நெரித்தன. அப்போதைய மேயர் குவாமே கில்பாட்ரிக் 2013 மார்ச்சில் ஊழல் வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானார். ஜூலையில் நகரம் திவால் மனு போட்டது.

எனக்கு இப்போது தூரத்தைவிட நகராட்சியின் எல்லைக்கோடுதான் பெரிதாகப் படுகிறது. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நோவாயில் வீடு, நோவாயிலோ பக்கத்திலோ வேலை. நீங்கள் டெட்ராய்ட் வட்டாரத்தின் தொழிலில்தான் சம்பாதிக்கிறீர்கள், டெட்ராய்ட் நகராட்சிக்கு ஒரு சென்ட் போகாது. வெளியூர்க்காரர் நகரத்துக்குள் வந்து வேலை பார்த்தால் மட்டும் வருமான வரி, அதுவும் உள்ளூர்க்காரர் கட்டுவதில் பாதி. வேலை எல்லையைத் தாண்டியதும் வரி அறுந்துவிடுகிறது. நகராட்சியின் பழைய ஊழியர்களுக்குத் தர வேண்டிய பென்ஷன் அப்படித் தாண்டிப் போகாது. திவாலானபோது வேலையில் இருந்தவர்களைப்போல இரண்டு மடங்கு ஓய்வூதியர்கள் இருந்தார்கள். பெரிய குடும்பத்துக்கு வாங்கிய கடனை, எல்லோரும் தனிக்குடித்தனம் போனபின் வீட்டில் மிஞ்சிய ஒருவர் கட்டின கதை.

பஸ்ஸும் அப்படித்தான். நகரத்துக்கு ஒரு பஸ் நிறுவனம், புறநகருக்கு இன்னொன்று. புறநகர்ச் சேவை எங்களுக்கு வேண்டாம், வரியும் கட்ட மாட்டோம் என்று ஊர்கள் விலகிக்கொள்ள அனுமதி இருந்தது. உங்கள் நோவாயும் விலகிய ஊர்தான். 2022 நவம்பரில் நோவாய் இருக்கும் ஓக்லண்ட் கவுண்டி (மாவட்டம் மாதிரி) முழுக்க ஓட்டுப் போட்டுத்தான் அது மாறியது. கார் இல்லாத டெட்ராய்ட்காரருக்கு இருபத்தைந்து மைலில் இருக்கும் வேலை, கனடாவில் இருக்கும் வேலை மாதிரிதான்.

உறவினர் வீட்டுக்கு, உங்கள் பக்கத்துப் புறநகரான ஃபார்மிங்டன் ஹில்ஸ் வந்து இரண்டு வாரம் தங்கியிருக்கிறேன். டெட்ராய்ட் பார்க்க வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் ‘அங்கே எதுக்கு?’ என்றார்கள். கடைசி நாள் கூட்டிப்போனார்கள். அந்த வீட்டில் ஏழு வருடம் இருந்த பையனுக்கும் அதுதான் இரண்டாவது தடவை.

என் பழைய கட்டுரையில் ‘அதனால்தான்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். எண்ணை விட்டுவைத்திருக்கிறேன், பக்கத்தில் கனடா பற்றி ஒரு வரி சேர்த்து. முடிந்தால் ஒன்று செய்யுங்கள். உங்கள் நிறுவனம் இப்போதிருக்கும் இடத்துக்கு எந்த வருடம் வந்தது, அதற்கு முன் எங்கே இருந்தது, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று மூத்தவர்கள் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்.