பூனை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை: காத்திருக்கலாமா?

கல்லடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் பெண் பூனைக்கு ஐந்து வயது; நிறை நாலு கிலோ. தடிமன் பிடித்துத் தும்மிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாளாக மீனைக்கூடத் தொடவில்லை. வாயைத் திறந்து பால் பருக்கினால் துப்பிவிடுகிறது. பாதிப் பனடோல் கொடுக்கலாமா? இன்னும் ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"

இரண்டும் வேண்டாம். பனடோலில் உள்ள பரசிட்டமோலைப் பாதுகாப்பாக வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் குளிசையில் பாதியே இந்த நிறையுள்ள பூனையைக் கொன்றுவிடக்கூடும். ஏற்கனவே கொடுத்திருந்தால், முரசு மண்ணிறமாகும்வரையோ முகம் வீங்கும்வரையோ பார்த்திராமல் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பொறுத்துப் பார்ப்பது ஏன் ஆகாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பூனையிலோ, உணவு நின்றதும் உடலில் சேர்ந்திருந்த கொழுப்புக் கரைந்து ஈரலை நோக்கி வர, அதை அதே வேகத்தில் கையாள முடியாத ஈரலில் கொழுப்புத் தேங்கி, சில நாட்களிலேயே ஈரல் செயலிழக்கத் தொடங்கி, அதனால் வரும் குமட்டலில் மிஞ்சியிருந்த பசியும் அற்றுப்போகிறது. தடிமனால் வந்த பட்டினி, தடிமன் மாறிய பின்னும் தொடரும் தனி நோயாகிவிடுகிறது. கொழுத்த பூனைகளுக்கே இந்த ஆபத்து மிகுதி. "உடம்பில் சதை இருக்கிறது, தாங்கும்" என்று நம்மவர்கள் சொல்லும் ஆறுதல் இங்கே நேர்மாறானது. வளர்ந்த பூனை 24 மணி நேரம் ஒன்றும் தின்னாவிட்டாலே வைத்தியரிடம் பேச வேண்டும். குட்டிக்கு அவ்வளவு அவகாசமும் கிடையாது. வார இறுதியில் அரச கால்நடை வைத்திய அலுவலகம் மூடியிருக்கும் என்பதால் வெள்ளிக்கிழமை பின்னேரம்வரை இழுத்தடிக்க வேண்டாம்.

வைத்தியரைக் காணும்வரை வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. பூனைக்குப் பசியைத் தூண்டுவது மணம். மூக்கு அடைத்த பூனைக்கு முன்னால் பாரை மீனை வைத்தாலும் அது அதற்கு வெறும் சதைத் துண்டுதான். ஆகவே முதலில் இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடையுங்கள். பிறகு, உப்பு, மிளகாய்த்தூள், வெங்காயம், உள்ளி எதுவும் சேராமல் அவித்த சூடை மீனை முள் நீக்கி, அவித்த நீரோடு பிசைந்து, கையில் வைத்தால் சுடாத இளஞ்சூட்டில் ஒரு கரண்டி வையுங்கள். கறியிலிருந்து எடுத்துக் கழுவிய மீன் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. இருபது நிமிடத்தில் தொடாவிட்டால் தட்டை எடுத்துவிட்டு, பின்னர் புதிதாக வையுங்கள். ஆவலோடு தட்டருகே வந்து, முகர்ந்து, வாயூறியபடி திரும்பிப் போனால் பெரும்பாலும் வாயில் புண்ணிருக்கும் அல்லது குமட்டல் இருக்கும்; இரண்டுக்கும் மருந்துண்டு.

வாயைத் திறந்து ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் போகலாம். பசும்பால் வயிற்றோட்டத்தையும் தரலாம். நோயோடு கிடக்கும்போது திணிக்கப்பட்ட உணவைப் பூனை குணமான பின்னும் வெறுப்பதுண்டு. வைத்தியர் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் போட்டு ஊட்டலாம் என்றால் அஞ்ச வேண்டாம். நாளுக்கு ஐந்து தடவை பிடித்து அமுக்குவதைவிட அது பூனைக்கு மிக இலகு. நீண்ட பட்டினிக்குப் பிறகு முதல் நாளிலேயே வயிறு நிறையக் கொடுப்பதும் தீங்கு என்பதால், அளவை அவரே படிப்படியாகக் கூட்டுவார்.

வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், காதின் உட்புறமோ முரசோ மஞ்சளாதல், எழும்ப மாட்டாமை, கடுவனாயின் சிறுநீர் போகாமல் முக்குதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த மணித்தியாலமே புறப்படுங்கள். எச்சில் வடிய, விழுங்க முடியாமல், வழக்கத்துக்கு மாறாகச் சீறினால் விசர் நோயாக இருக்கலாம்; வாய்க்குள் விரல் விடாதீர்கள். கடித்தோ பிறாண்டியோ இருந்தால் காயத்தை 15 நிமிடம் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு நீங்களும் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

கடைசியாக உண்மையில் விழுங்கியது எப்போது, நீர் குடித்ததா, சிறுநீரும் மலமும் போனதா என்பவற்றைத் துண்டில் எழுதி, மூடியுள்ள கூடையில் பூனையை வைத்து எடுத்துச் செல்லுங்கள்.