அமெரிக்காவில் செய்முறைக் கல்வியை மையமாக வைத்து ஒரு சார்ட்டர் பள்ளி தொடங்க நினைக்கிறோம். முன்மொழிவில் எதில் கவனம் வைக்க வேண்டும்?

பட்ஜெட்டில். முதல் பக்கத்து லட்சியத்தை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதிவிடலாம்.

கலிஃபோர்னியாவில் பெற்றோரும் ஆசிரியர்களுமாகச் சேர்ந்து மாவட்டத்திடம் அனுமதி கேட்டு இப்படி ஒரு மனு எழுதிய குழுவில் இருந்தேன். என் தலையில் விழுந்தது வரவு செலவுப் பக்கங்கள். அதனால் இந்தப் பதிலில் கணக்குப்பிள்ளை வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் சொல்வது கலிஃபோர்னியா நடைமுறை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கும் இலவசப் பள்ளி, ஆனால் அதை மாவட்டக் கல்வி வாரியம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் குழு) நேரடியாக நடத்தாது. கட்டணம் கூடாது, மதபோதனை கூடாது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல். 1991-ல் மினசோட்டா முதலில் சட்டம் போட்டது, அடுத்த வருடமே கலிஃபோர்னியா. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளி மாதிரியா என்று அப்பா கேட்டார். ஓரளவு அப்படித்தான், ஆனால் இங்கே அனுமதிக்குக் கெடு உண்டு. முதல் அனுமதி அதிகபட்சம் 5 வருடம். அதற்குள் பிள்ளைகள் கற்றதைக் காட்டாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். பள்ளியை மூடினால் என்ன நடைமுறை என்பதையும் மனுவிலேயே எழுதித் தர வேண்டும் என்றால் பாருங்கள்.

சட்டம் கேட்கும் விவரங்கள் 15. அதில் கல்வித் திட்டமும், மாணவர் கற்றதை எப்படி அளப்பீர்கள் என்பதும்தான் உங்களுக்கு உயிர். "மாணவர்கள் செய்து பார்த்துக் கற்பார்கள்" என்று எழுதினால் மாவட்ட அலுவலர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு வேலையை எடுத்து முழுசாக எழுதுங்கள் என்று எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பிடிவாதமாக நின்றார். அவர் தேர்ந்தெடுத்தது ஐந்தாம் வகுப்புக்கு ஒரு மர பெஞ்ச்.

இங்கே மரக்கடையில் 'டூ பை ஃபோர்' என்று விற்கும் மரச்சட்டத்தை அளந்து பாருங்கள். இரண்டுக்கு நான்கு அங்குலம் இருக்காது, ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கும். நான்கு சட்டங்களைப் படுக்க வைத்தால் 16 அங்குல அகலம் வரும் என்று நினைக்கும் பிள்ளைக்கு 14 தான் கிடைக்கும். மழைத்தண்ணீர் வடிய நடுவே கால் அங்குல இடைவெளி மூன்று விட்டால் பதினான்கே முக்கால். பகுதி (கோட்டுக்குக் கீழே உள்ள எண்) வேறுபடும் பின்னங்களைக் கூட்டுவது ஐந்தாம் வகுப்புப் பாடம்; அது இங்கே தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. நான்கு பேர் குழுவில் கணக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அளவெடுக்கும், கணக்கு வராத பிள்ளை உப்புத்தாள் தேய்த்துக்கொண்டே வருடத்தை ஓட்டிவிடும். செய்முறைப் பள்ளிகள் மாநிலத் தேர்வில் சறுக்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். அதனால் ஒவ்வொரு பிள்ளையும் தன் வெட்டு அளவுப் பட்டியலைத் தானே போட்டு ஆசிரியரிடம் காட்டிய பிறகுதான் ரம்பத்தைத் தொடலாம் என்று எழுதினோம். அந்தப் பட்டியலையே மதிப்பீட்டுச் சான்றாகவும் வைத்தோம். பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்காட்சி நடத்துவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் அளவுகோலாகக் காட்டாதீர்கள். மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரையும், அப்புறம் பதினொன்றிலும் உங்கள் பிள்ளைகளும் மாநிலத் தேர்வு எழுதத்தான் போகிறார்கள். அனுமதியைப் புதுப்பிக்கும்போது அந்த மதிப்பெண்களும் மேசைக்கு வரும்.

எல்லா மனுவிலும் முன்மாதிரியாக சான் டியேகோவின் ஹை டெக் ஹை பெயர் வரும். 2000-ல் தொடங்கிய பள்ளி. நிறுவனர்களில் ஒருவரான லேரி ரோசன்ஸ்டாக் தச்சுவேலை கற்பித்தவர், வழக்கறிஞரும்கூட. மினசோட்டாவில் 1994-ல் தொடங்கிய நியூ கன்ட்ரி ஸ்கூலையும் பாருங்கள். அங்கே பாடவேளை பிரித்து வகுப்பு நடத்தாமல் மாணவர் தம் திட்டப்பணிகளின் வழியாகவே படிக்கிறார்கள். இந்தப் பள்ளிகளிலிருந்து எடுக்க வேண்டியது சுவரில் தொங்கும் மாணவர் படைப்புகளின் புகைப்படங்களை அல்ல, ஆசிரியர்கள் கூடிப் பேசித் திட்டமிட எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதை. அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. அது உங்கள் பட்ஜெட்டில் எந்த வரியில் இருக்கிறது?

பணத்துக்கு வருவோம். இந்த மாநிலத்தில் சேர்க்கை எண்ணிக்கையை வைத்துப் பணம் தருவதில்லை, சராசரி தினசரி வருகையை வைத்துத்தான். 120 பேர் சேர்ந்து 110 பேர் வந்தால் 110 பேருக்கான பணம்தான். வாடகையோ பள்ளி திறக்கும் முன்பே தொடங்கிவிடும். மரத்தூள் உறிஞ்சும் கருவி, கூடுதல் காப்பீடு, வருடா வருடம் வாங்க வேண்டிய மரமும் திருகாணியும், பட்டறையில் கூடுதலாக ஒரு பெரியவர் என்று தனித்தனி வரியாகப் போடுங்கள். 'இதர செலவு' என்று ஒரே வரியில் அமுக்கினால், நீங்களே இதை நம்பவில்லை என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுவார்.

கட்டடத்துக்கு ப்ரொபசிஷன் 39 என்ற மாநிலச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. மாவட்டத்துக்குள்ளிருந்தே தினசரி சராசரியாக 80 மாணவர்களாவது வருவார்கள் என்று காட்டினால், மாவட்டம் தன் பள்ளிகளுக்கு ஒப்பான இடம் தர வேண்டும். ஆனால் ஒப்பான இடம் என்றால் மாவட்டப் பள்ளிகளில் இருப்பது மாதிரிதான், அங்கே இல்லாத பட்டறை உங்களுக்கு வரும் என்று கனவு காணாதீர்கள். வருடா வருடம் மறுபடி விண்ணப்பிக்கவும் வேண்டும்.

ஆசிரியர் விஷயம். தெருக்கோடித் தச்சரைக் கூட்டிவந்து வகுப்பை ஒப்படைக்க முடியாது, உரிமம் வேண்டும். தொழிற்கல்விக்கென்று தனி உரிமம் ஒன்று இருக்கிறது. அந்தத் தொழிலில் 3 வருட அனுபவம் இருந்தால் அந்த வழியில் போகலாம். அப்படி ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மனு கொடுத்த 60 நாளுக்குள் பொது விசாரணை, 90 நாளுக்குள் முடிவு. முடிவுக்கு 15 நாள் முன்பே அலுவலர் அறிக்கை வெளியாகிவிடும். அதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போங்கள். எங்களை அதிகம் குடைந்த கேள்வி சிறப்புக் கல்வி பற்றியது. ரம்பச் சத்தம் தாங்காத பிள்ளை அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கும், யாரோடு இருக்கும், அப்போதும் அதே பின்னத்தை எப்படிக் கற்கும்? நியாயமான கேள்வி. சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவர் எங்கள் குழுவில் முதல் நாளிலிருந்தே இருந்ததால் பதில் இருந்தது.

எதிர்த்துப் பேச வருபவர்களை வில்லன்களாகப் பார்க்காதீர்கள். மாவட்டப் பள்ளியிலிருந்து பிள்ளை போனால் பணமும் போகும். 2019-ல் வந்த ஏபி 1505 சட்டப்படி, அந்தப் பண இழப்பையும், அதே மாதிரித் திட்டம் மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்பதையும் வாரியம் கணக்கில் எடுக்கலாம். அதனால் மனு எழுதும் முன் உங்கள் மாவட்டப் பள்ளிகளை ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். எங்காவது ஒரு தலைமை ஆசிரியர் தன் பள்ளியிலேயே இதைச் செய்யத் தயாராக இருந்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் சார்ட்டர் பக்கமே போகமாட்டேன். பாதிச் சிரமத்தில் வேலை முடியும்.

அப்படி யாரும் கிடைக்கவில்லையா, சரி, கையெழுத்து வேட்டையில் இறங்குங்கள். பெற்றோர் கையெழுத்து வழியில் போனால், முதல் வருடம் எதிர்பார்க்கும் மாணவர் எண்ணிக்கையில் பாதி அளவுக்குக் கையெழுத்து வேண்டும், அதாவது 120 பிள்ளைகளுக்கு 60. தன் பிள்ளையைச் சேர்க்க உண்மையிலேயே விருப்பமுள்ளவர்தான் போட வேண்டும். தெரிந்தவர் முகத்துக்காகப் போட்டுக் கொடுக்கும் கையெழுத்தை வாங்காதீர்கள். அந்தப் பிள்ளை ஆகஸ்டில் பள்ளிக்கு வராது, நீங்கள் போட்ட வருகைக் கணக்கு அங்கேயே உதைக்கும்.