மூக்குச்சளி அசிங்கமா?

கேள்வி: அக்கா, எம் பையனுக்கு ஆறு வயசு, எந்நேரமும் மூக்குக்குள்ள விரலு. எங்க மாமியா "சீ, அசிங்கம் புடிச்ச பயலே"ன்னு கையில ஒண்ணு போடுதாவ. அவன் "அசிங்கம்னா அது ஏன் ஆச்சி தெனமும் வருது"ன்னு திருப்பிக் கேக்கான். என்ன சொல்லிப் புரிய வைக்க?
ஒரு அம்மா, பாளையங்கோட்டை

பதில்: பய கேட்டது சரியான கேள்வில்லா! அடிச்சா ஒளிஞ்சு நின்னு நோண்டுவான், அவ்வளவுதான். இப்ப ஆடிக் காத்து புழுதியோட அடிக்குல்லா, ரெண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து ஒண்ணுல மட்டும் வெண்டைக்காய நறுக்கி அந்தக் கொழகொழப்ப நல்லா தேச்சு, ரெண்டையும் மொட்டைமாடில வச்சிட்டு சாயங்காலம் அவனையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க. சும்மா இருந்த தட்ட ஊதினா பாதித் தூசி பறந்துரும், வெண்டைக்கா தட்டுல ஒட்டிக் காஞ்சு பொருக்காக் கெடக்கும். "இதாம்ல உன் மூக்குலயும் இருக்கு"ன்னு காட்டுங்க.

சளில பெரும்பாலும் தண்ணிதான், கொழகொழப்பு மியூசின்ங்கிற புரதத்தால வருது. அதுல ஒட்டுன தூசியயும் கிருமியயும், கண்ணுக்கே தெரியாத சீலியான்னு பொடி இழைங்க, காத்துக்கு நாத்து சாயுத மாதிரி ஒரே பக்கமா அசைஞ்சு தொண்டைக்குத் தள்ளிரும், நாம தெரியாமலே முழுங்கிருதோம், மிச்சத்த வயித்து அமிலம் பாத்துக்கிடும். (இத மாமியா சாப்பிடும்போது சொல்லிராதீங்க.) ஒட்டிப் புடிக்கது மட்டுமில்ல, சில கிருமியோட சுவரையே ஒடைக்குத லைசோசைமும் அதுல இருக்கு. பின்னாடி பென்சிலின் கண்டுபுடிச்ச அலெக்சாண்டர் பிளெமிங், கிருமி வளந்த தட்டுல மூக்குச்சளிய விட்டுப் பாத்துதான் இத 1922ல எழுதினாரு.

அப்ப நோண்டலாமான்னு கேப்பான், விவரமான பயல்லா! புடிச்சு வச்ச கிருமி விரல்ல ஏறி தம்பி மேலயும் சோத்துலயும் போகும், நகம் பட்டா ரத்தமும் வரும்னு சொல்லி கைக்குட்டையக் குடுத்து சீந்தப் பழக்குங்க, அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். பச்சையா வந்துட்டுன்னு உடனே ஆன்டிபயாட்டிக்குக்கு ஓடாதீங்க, கிருமியோட மல்லுக்கட்டுத வெள்ளணுக்கள்ல உள்ள ஒரு நொதியோட நெறம் அது.

ஆனா ஒரு பக்க மூக்குல மட்டும் நாத்தத்தோட ஒழுகுச்சுன்னா உள்ள புளியமுத்தோ பாசிமணியோ போட்டிருப்பான், ஊக்கு விட்டு எடுக்கப் பாக்காம அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.