தோட்டம்: கேள்வி–பதில்

கேள்வி: ஓசூரில் ஒரு நர்சரியில் இடுப்பளவு ஃபைகஸ் பெஞ்சமினா செடி வாங்கி வந்து ஹாலில் வைத்தேன். வந்ததிலிருந்து இலை கொட்டுகிறது. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். பிழைக்குமா?
— ஒரு வாசகி, தருமபுரி

பிழைக்கும் அம்மா. எத்தனை இலை கொட்டினாலும் தினமும் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்துங்கள். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தருமபுரி அதில் பாதிதான். அங்கே குளிர்ந்த காற்றில், நிழல்வலைக்குள் நாலாபுறமும் வெளிச்சம் வாங்கிய செடி, இங்கே சோபா மூலைக்கு வந்திருக்கிறது. இடம் மாறினால் இலையை உதிர்ப்பது பெஞ்சமினாவின் குணம். வெளிச்சம் குறைந்தால் தண்ணீர் குடிப்பதும் குறையும், அதற்கு மேல் ஊற்றுவது வேரைத்தான் அழுக வைக்கும்.

ஒரு கிளையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. கிழக்கு ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, அப்புறம் நகர்த்தவே நகர்த்தாதீர்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று வாசலுக்குக் கொண்டுபோகிற வேலையும் வேண்டாம். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், மண் ஒட்டாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். நம்மூர் போர் தண்ணீரின் உப்பு தொட்டியில் வெள்ளையாகப் படியும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று, குடிக்கப் பிடித்தது போக மிச்சமிருந்தால் செடிக்கும் ஒரு குடம்.

கேள்வி: புது வீட்டு காம்பவுண்டு ஓரம் ரப்பர் செடி நடலாமா? பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறது.
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

கூடவே கூடாது. சந்தூர்ப் பக்கம் எங்கள் நர்சரிக்கு மாங்கன்று வாங்க வருகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள். செடி என்கிற பெயரெல்லாம் தொட்டியில் இருக்கும்வரைதான் சார். தரையில் இறங்கினால் ஆலமரத்தின் பங்காளி. மேகாலயாவில் இதன் விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே வளர்த்து, பாலமாக்கி நடந்து போகிறார்கள். அந்த வேருக்கு உங்கள் செப்டிக் டேங்க் எம்மாத்திரம்?

ஆசைக்கு ஒரு சிமெண்ட் தொட்டியில் வையுங்கள். அதையும் வெறும் மண்மீது வைத்தால் அடி ஓட்டை வழியாக வேர் இறங்கிவிடும். செங்கல் அடுக்கித் தூக்கி வையுங்கள். ரொம்ப உயரமானால் நுனியை வெட்டலாம். வடிகிற பால் சிலருக்கு அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெஞ்சமினா கொழுந்துகள் நீளவாக்கில் இரண்டாக மடிந்துகொள்கின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?
— ஒரு வாசகி, பாலக்கோடு

மடிந்த இலையை விரித்துப் பாருங்கள். கறுப்பாக, எள்ளைவிடச் சன்னமாக ஓடினால் அது இலைப்பேன். அடிக்கிற மருந்து மடிப்புக்குள் சரியாகப் போகாது. மடிந்த கொழுந்துகளை எல்லாம் கிள்ளிப் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள், செடிக்கடியில் மட்டும் உதிர்த்துவிடாதீர்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிப்பதானால், அடுத்த கொழுந்து விரியும்போதே சாயங்காலத்தில் அடியுங்கள்.