இ-1 கணக்கு: எதை எதால் வகுப்பது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை வாசகர்): எங்கள் ஆலைக்கு 100 மெகாபிட் பைபர் இணைப்பு வந்திருக்கிறது. பழைய கணக்கில் இது எத்தனை இ-1 (30 குரல் அழைப்புகளைச் சுமக்கும், சுமார் 2 மெகாபிட் டெலிபோன் லைன்) என்று தலைமை அலுவலகத்தில் கேட்கிறார்கள். 100-ஐ 2-ஆல் வகுத்து 50 என்று எழுதிவிடலாமா?

பதில்: வேண்டாம். எதை அனுப்பப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் ஒரே இ-1-க்கு மூன்று எண்கள் உண்டு. குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதினால் 64 கிலோபிட். அப்படி 32 ஸ்லாட் (நேரப் பங்கு) சேர்ந்தால் 2.048 மெகாபிட், கம்பியில் ஓடும் மொத்தம் இதுதான். ஃபிரேம் (32 ஸ்லாட்டும் ஒரு முறை வந்துபோகும் சுற்று) எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கே 0-வது ஸ்லாட் போய்விடும். டேட்டாவுக்கு மிஞ்சுவது 31 ஸ்லாட், 1.984 மெகாபிட். 16-வது ஸ்லாட்டை சிக்னலிங்குக்கு (அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் அனுப்பும் தகவலுக்கு) கொடுத்தால் குரலுக்கு 30 ஸ்லாட், 1.920 மெகாபிட்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 100-ஐ 2.048-ஆல் வகுத்தால் 48.83, அதாவது 49 லைன். 1.984-ஆல் வகுத்தால் 50.4, அதாவது 51. 1.920-ஆல் வகுத்தால் 52.08, அதாவது 53. பின்னம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அடுத்த முழு எண்ணுக்குப் போக வேண்டும்; அரை லைன் யாரும் தரமாட்டார்கள்.

எஸ்.டி.எச். (பைபரில் பல லைன்களை அடுக்கி அனுப்பும் முறை) கருவி வழியாக ஈதர்நெட் வருகிறது என்றால் விடை இன்னும் மாறும். அங்கே ஓர் இ-1 உட்காரும் பெட்டிக்கு வி.சி-12 என்று பெயர். அதன் உள் கொள்ளளவு 2.176 மெகாபிட். இ-1-ஐ ஏற்றினால் கொஞ்சம் இடம் நிரப்பலுக்குப் போகும். ஈதர்நெட்டை ஏற்றினால் அந்த இடமும் பயன்படும். அதனால் 100 மெகாபிட்டுக்கு 46 பெட்டி போதும் (46 × 2.176 = 100.096). கருவியின் திரையில் 46 என்று பார்த்துவிட்டு 'மூன்று லைனைக் காணோம்' என்று புகார் எழுதிவிடாதீர்கள்.

எஸ்.டி.எம்-1-ஐயும் (எஸ்.டி.எச். முறையின் 155.52 மெகாபிட் அடிப்படை இணைப்பு) இப்படி வகுத்து ஏமாறுபவர்கள் அதிகம். 155.52-ஐ 2.048-ஆல் வகுத்தால் 75 சொச்சம் வரும். உள்ளே நிற்பதோ 63 இ-1 மட்டும்தான். பெட்டிகள் 3 × 7 × 3 என்ற அடுக்கில்தான் அமரும்; மீதி மேல்தலைப்புக்கும் நிரப்பலுக்கும் போகிறது.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): ஒரே நேரத்தில் 30 கால் (அழைப்பு) போகும் பி.ஆர்.ஐ. லைனை (இ-1-இல் வரும் அலுவலக டெலிபோன் இணைப்பு) எடுத்துவிட்டு எஸ்.ஐ.பி.க்கு (ஐ.பி. வழி அழைப்பு) மாறுகிறோம். 2 மெகாபிட் இணைப்பு போதுமா?

பதில்: போதாது. பழைய லைனில் ஒரு காலுக்கு 64 கிலோபிட் என்றால் அவ்வளவுதான். ஐ.பி.யில் அதே ஜி.711 (சுருக்காத 64 கிலோபிட்) குரலை 20 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். துண்டு ஒன்றுக்கு 160 பைட் குரல், 40 பைட் ஐ.பி., யு.டி.பி., ஆர்.டி.பி. தலைப்பு, 18 பைட் ஈதர்நெட் உறை: மொத்தம் 218 பைட். வினாடிக்கு 50 துண்டு, ஆகவே 87.2 கிலோபிட். 30 காலுக்கு 2.616 மெகாபிட்.

இது ஒரு திசைக்கு மட்டும். பேச்சு இரு பக்கமும் ஒரே அளவில் ஓடும் என்பதால் அப்லோடிலும் இதே அளவு வேண்டும். திட்டத்தின் டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்த்து வாங்கினால், நீங்கள் பேசுவது எதிர்முனையில் அறுந்து அறுந்து கேட்கும். ஜி.729 (குரலைச் சுருக்கும் முறை) போட்டால் ஒரு காலுக்கு 31.2 கிலோபிட், 30 காலுக்கு 936 கிலோபிட்டில் முடிந்துவிடும். ஆனால் அதில் ஃபேக்ஸ் போகாது. துண்டை 10 மில்லிவினாடியாகக் குறைக்கும் அமைப்பைத் தொடாதீர்கள். தலைப்புகள் இரட்டிப்பாகி, ஜி.711 கால் ஒன்று 110.4 கிலோபிட் தின்னும்.

கேள்வி (மூணாறு எஸ்டேட் அலுவலகம்): பழைய இ.பி.ஏ.பி.எக்ஸை (அலுவலக எக்ஸ்சேஞ்சை) இ-1 மூலம் புது கேட்வேயில் (இ-1 குரலை ஐ.பி.க்கு மாற்றும் கருவி) இணைத்தோம். பேச்சில் 'டிக்' சத்தம் வருகிறது, ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. வேகம் பற்றாக்குறையா?

பதில்: வேகத்தில் குறையில்லை, கிளாக்கை (பிட்டுகள் ஓடும் தாளத்தைக் கொடுக்கும் கடிகாரம்) பாருங்கள். இரு பக்கமும் சொந்த கிளாக்கில் ஓடுவது போலத் தெரிகிறது. இ-1-இல் பிழை வரம்பு 10 லட்சத்துக்கு 50. ஒன்று மேல் வரம்பிலும் மற்றது கீழ் வரம்பிலும் இருந்தால் வினாடிக்கு சுமார் 205 பிட் வித்தியாசம் சேரும். ஒரு ஃபிரேமுக்கு 256 பிட், ஆகவே 1.25 வினாடிக்கு ஒரு ஃபிரேம் தொலையும் அல்லது இரண்டு முறை வரும். காதுக்கு அது ஒரு 'டிக்'. ஃபேக்ஸுக்கு அதுவே போதும், அறுந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் கிளாக் கொடுக்க வேண்டும், மறுபக்கம் லைனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு வெளியிலிருந்து இன்னொரு பி.ஆர்.ஐ. வருகிறது என்றால் அந்த லைனின் கிளாக்கை எக்ஸ்சேஞ்ச் எடுத்து, கேட்வேக்குக் கொடுக்கட்டும். மாற்றியபின் கேட்வேயில் ஸ்லிப் (ஃபிரேம் தொலைவது அல்லது இரு முறை வருவது) எண்ணிக்கையை அழித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பூஜ்யமாகவே நிற்க வேண்டும். சி.ஆர்.சி-4 (பிழை சோதனை) ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தாலும் அலாரம் ஓயாது. இரண்டிலும் ஒரே மாதிரி வையுங்கள்.

கேபிளை மாற்றினால் இன்னொன்றும் கவனியுங்கள். ஆர்.ஜே-45 முனையில் இ-1 ஓடுவது 1, 2 மற்றும் 4, 5 பின்களில். ஈதர்நெட் கிராஸ் கேபிள் 1-ஐ 3-க்கும் 2-ஐ 6-க்கும் மாற்றுவதால் இங்கே உதவாது. இ-1 கிராஸில் 1-ஐ 4-க்கும் 2-ஐ 5-க்கும் மாற்ற வேண்டும்.

கேள்வி (நகரி மாணவர்): நீங்கள் இ-1-க்கு 2.048 என்கிறீர்கள்; பாடப்புத்தகத்தில் இப்படிப்பட்ட லைனுக்கு 1.544 மெகாபிட் என்று இருக்கிறது. எது சரி?

பதில்: அது வட அமெரிக்காவின் டி-1. 24 ஸ்லாட்டுக்கு 1.536, ஃபிரேம் பிட்டுக்கு 8 கிலோபிட், மொத்தம் 1.544. இந்தியாவில் இ-1 முறைதான். தேர்வில் எந்த முறை என்று கேள்வியில் சொல்லியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வகுக்கத் தொடங்குங்கள்.