தி ஃபேட் ஆஃப் லீ கான் (1973) படத்துல பெரிய சண்டை வரவே லேட் ஆகுதே, பொறுமையா பார்க்கலாமா?

தாராளமா பாருங்க, ஆனா இத சண்டைப் படமா நினைக்காம உளவுப் படமா பாருங்க. சீனாவுல மங்கோலியரோட யுவான் வம்ச ஆட்சி ஆட்டம் காணுற 14-ம் நூற்றாண்டு, புரட்சிப்படையோட போர் வரைபடம் ஒண்ணு துரோகி கையால மங்கோலிய பிரபு லீ கானுக்குப் போகப்போகுது, அத தடுக்கத்தான் சத்திரத்துல ஆளுங்க காத்திருக்காங்க. ஓனரம்மா, சர்வர் பொண்ணுங்க எல்லாருமே புரட்சிக்காரங்க, அதுல ஏஞ்சலா மாவ் நடிக்கிற சர்வர் பொண்ணு பழைய பிக்பாக்கெட் வேற, அதனால தட்டு வைக்கிற கையையும் யார் யாரப் பார்க்குறாங்கன்றதையும் கவனிங்க, டைரக்டர் கிங் ஹூ டென்ஷன ஏத்துறதே அங்கதான். லீ கானோட தங்கச்சியா வர்ற ஷூ ஃபெங் தான் செம டேஞ்சர், என்னைக் கேட்டா அண்ணனவிட மேல. சண்டை அமைச்சது சம்மோ ஹங், கடைசில வெளில வந்து மோதுறப்போ வட்டியும் முதலுமா கிடைச்சிடும்.