அல்சாஸ் திராட்சைத் தோட்டத்துக்குப் போகும் பண்ணைக்காட்டுத் தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியைப் போன வாரமே பார்த்தேன். லீவில் நம் கொடைக்கானல் மலைக்கு, தாண்டிக்குடி வீட்டுக்கு வந்திருக்கிறேன். காப்பிப் பழம் எடுப்பு நடந்துகொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கவில்லை.

பெரியகுளத்தில் தோட்டக்கலை முடித்துவிட்டு, செப்டம்பரில் பிரான்ஸின் அல்சாஸ் பகுதிக்குத் திராட்சையும் ஒயினும் படிக்கப் போகிறீர்கள். பயிற்சிக்குக் கிடைத்திருக்கும் குடும்பத் தோட்டம் பயோடைனமிக் முறையில், அதாவது ரசாயனம் இல்லாமல், சில தனித் தயாரிப்புகளும் நிலா நாட்காட்டியும் வைத்துச் செய்யும் ஒரு வகை இயற்கை விவசாயத்தில் நடக்கிறது. "மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைக்கிறார்களாம், நிலாவைப் பார்த்து வேலை செய்கிறார்களாம். விவசாய விஞ்ஞானம் படித்துவிட்டு இதை நம்பிப் போகலாமா அண்ணா? எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, அம்மா பயப்படுகிறார். அங்கே எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் 2008இல் ஸ்ட்ராஸ்பூர்க்குக்குப் படிக்கப் போனவன். கைச்செலவுக்காகத் திராட்சை அறுவடைக்குப் போய், 2011இலிருந்து கொல்மாருக்குப் பக்கத்தில் ஒரே குடும்பத்தின் தோட்டத்தில் வேலை செய்கிறேன். 11 ஹெக்டேர், அதாவது 27 ஏக்கர். தாத்தா காலத்திலிருந்து அவர்கள் கையில் இருக்கும் மண்.

கொம்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஈன்ற பசுவின் கொம்பில் பசுஞ்சாணத்தை அடைத்து, இலையுதிர் காலத்தில் மண்ணில் புதைப்பார்கள். குளிர்காலம் முழுவதும் உள்ளே இருக்கும். வசந்தத்தில் எடுத்துத் தட்டினால் சாண வாடையே இருக்காது, மழை பெய்த காட்டு மண் வாசம்தான் வரும். அதில் ஒரு ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம் எடுத்து, 30, 35 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றி நடுவில் ஆழமான சுழி விழுந்ததும், அதை உடைத்து எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இப்படியே மாற்றி மாற்றி. பிறகு அந்தி நேரத்தில் மண்ணில் தெளிப்பார்கள். இன்னொன்று, குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லைப் பொடித்துக் கொம்பில் அடைத்துக் கோடையில் புதைப்பது. அது ஹெக்டேருக்கு நாலு கிராம் போதும். விடியற்காலையில் இலைமேல் புகை மாதிரி தெளிப்பார்கள். நம் பக்கம் இவற்றைக் கொம்பு சாண உரம், கொம்பு சிலிக்கா உரம் என்கிறார்கள். மட்கு உரக் குவியலில் சேர்க்க, யாரோ (yarrow) என்ற செடி, சீமைச்சாமந்தி, காஞ்சொறி, ஓக் பட்டை, டான்டெலியன், வலேரியன் என்று ஆறு மூலிகைத் தயாரிப்புகள் தனியாக இருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னவர் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி. 1924 ஜூனில், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில், விவசாயிகளுக்கு எட்டு சொற்பொழிவுகள் ஆற்றினார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். பயோடைனமிக் விளைபொருளுக்குக் கொடுக்கும் டெமீட்டர் என்ற சான்று முத்திரை 1928இல் வந்தது. அல்சாஸில் பெர்க்ஹோல்ட்ஸ் என்ற ஊரில் ஒரு ஒயின் குடும்பம் 1969இலேயே இந்த முறைக்கு மாறிவிட்டது.

இதைக் கேட்க நீங்கள் கடல் தாண்டவே வேண்டியதில்லை தம்பி. 1990களில் நியூசிலாந்துக்காரர் பீட்டர் ப்ராக்டர் இந்தியாவுக்கு வந்து இந்த முறையைக் கற்றுக்கொடுத்தார். பிறகு உருவான இந்திய பயோடைனமிக் சங்கம் நம் கொடைக்கானல் மலையிலிருந்தே இயங்கியிருக்கிறது. நான் ஊரில் இருந்தவரை அது எனக்குத் தெரியாது. பிரான்ஸ் போய், என் முதலாளியம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

இது வேலை செய்கிறதா? உங்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் பாசல் பக்கம் தெர்வில் என்ற ஊரில், 1978இலிருந்து பயோடைனமிக், இயற்கை, வழக்கமான விவசாயம் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு நீண்ட சோதனை நடக்கிறது. 2002இல் வெளியான முடிவில், இயற்கை முறைகளில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு, ஆனால் உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு, பூச்சிமருந்து 97 சதவீதம் குறைவு. மண்ணில் உயிர்கள் கூடியிருந்தன. தொழு உரமும் மட்கும் போட்டு, களைக்கொல்லி இல்லாமல் வைத்த மண் நன்றாகிறது என்பதில் சந்தேகமே இல்லை. கொம்பு உரம் மட்டும் தனியாக என்ன செய்கிறது என்று பிரித்துப் பார்த்த சோதனைகளில் பெரிய வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். என் முதலாளி வீட்டு மூத்த மகன் வேதியியல் படித்தவர். அவரும் என்னோடு நின்று ஒரு மணி நேரம் கலக்குகிறார்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தெளிப்பான் முதுகில் மாட்டி, அந்தியில் ஒவ்வொரு வரிசையாக நடக்கும்போதுதான் எந்தக் கொடி இளைத்திருக்கிறது, எங்கே மண் இறுகியிருக்கிறது, எந்த மூலையில் இலை வெளுக்கிறது என்பது கண்ணில் படுகிறது. டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு ஓட்டினால் பாதி தெரியாது. அந்த நடைக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

நிலாவைப் பற்றி உங்களுக்கு ஏன் ஆச்சரியம்? உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் போட்டிருக்குமே. கிழங்கு ஊன்றக் கீழ்நோக்கு நாள் பார்ப்பவர்கள் நம் மலையில் இன்றும் இருக்கிறார்கள். அங்கே ஜெர்மனிக்காரர் மரியா தூன் 1963இலிருந்து வெளியிட்ட விதைப்பு நாட்காட்டியை வைத்திருப்பார்கள். சந்திரன் மேஷம், சிம்மம், தனுசு பக்கம் நின்றால் பழ நாள். ரிஷபம், கன்னி, மகரம் என்றால் வேர் நாள். மீதி இலை நாள், பூ நாள். முதல் தடவை முதலாளியம்மா எனக்கு அதைப் பாடமாக எடுத்தபோது, எங்கள் பாட்டி ரோகிணி, பூசம் என்று விரல்விட்டு எண்ணியதுதான் ஞாபகம் வந்தது. அவரிடம் சொன்னேன். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஒரு தமிழ் காலண்டர் வாங்கிவரச் சொன்னார். அது இன்னும் அந்த வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறது.

ஆனால் மழை வந்தால் காலண்டர் ஓரமாகப் போய்விடும். இதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். அங்கே உங்களை வாட்டப்போவது அடிச்சாம்பல் நோய். நம் பக்கம் காப்பிக்கு அடிக்கும் போர்டோ கலவை, அதாவது மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தது, பிரான்ஸின் போர்தோ பகுதியில் இந்த நோய்க்காகவே 1880களில் உருவானது. பயோடைனமிக்காரர்களுக்கும் இன்றுவரை செம்புதான் ஆயுதம், கூட கந்தகம். ஐரோப்பியச் சட்டப்படி ஏழு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போடக்கூடாது. டெமீட்டர் இன்னும் கடுமை, வருடத்துக்குச் சராசரி மூன்று கிலோ. செம்பு இலைக்குள் இறங்காது, மேலேதான் நிற்கும். நல்ல மழை ஒன்று அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்க முடியாது. காஞ்சொறிக் கஷாயம், குதிரைவால் செடிக் கஷாயம் எல்லாம் காய்ச்சித் தெளிப்போம், ஆனாலும் செம்பு இல்லாமல் தாண்ட முடியாது.

2021இல் ஏப்ரலில் உறைபனி, கோடையில் விடாத மழை. எங்கள் தோட்டத்தில் பாதிக்கு மேல் போயிற்று. நம் மேல்மலையில் டிசம்பர் உறைபனியில் உருளைக்கிழங்குச் செடி ஒரே ராத்திரியில் கருகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது துளிர்விட்ட பிறகு ஏப்ரலில் வருகிறது, மே நடுப்பகுதி வரை பயம்தான். அந்த வருடம் ஜூலையில் முதலாளியம்மா வரிசை நடுவே உட்கார்ந்து அழுதார். அருகில் போய் நின்றேன், வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. உள்ளே இறங்கும் ரசாயன மருந்தை ஒரு தடவை அடித்திருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். அவர் அடிக்கவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் அந்த வீட்டில் பேச்சு நடக்கிறது. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

வேலை வருடம் முழுக்க இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை கவாத்து. ஹெக்டேருக்குச் சுமார் 5,000 கொடி, ஒவ்வொன்றையும் நின்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பார்த்த திராட்சைப் பந்தலை மறந்துவிடுங்கள், அங்கே கம்பி வரிசைதான். மார்ச்சில் கிளையை வில் மாதிரி வளைத்துக் கட்டுவது, மே, ஜூனில் துளிர் கிள்ளுவது, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ அறுவடை. சரிவில் நிற்பது உங்களுக்குப் பழக்கம், அதில் அங்கே பிறந்தவர்களைவிட நீங்கள் தேறுவீர்கள். குளிருக்கு நல்ல கையுறை, தண்ணீர் புகாத பூட்ஸ், அவ்வளவுதான். உடுப்பு அங்கேயே வாங்குங்கள்.

நிலவறை வேலை உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பிழிந்த சாற்றில் அவர்கள் ஈஸ்ட் போடமாட்டார்கள். பழத்தோலிலும் நிலவறையிலும் இருப்பதே போதும், தானாக நொதிக்கும். இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? இங்கே மார்கழிக் குளிரில் மாவு பொங்காது என்று அம்மா சட்டியைக் கம்பளியில் சுற்றி அடுப்போரம் வைப்பார். அங்கேயும் குளிர் கூடினால் நொதிப்பு படுத்துவிடும், சில பீப்பாய்கள் வசந்தத்தில்தான் மறுபடி எழும். காத்திருக்கத் தெரிய வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், இதை மறக்கவே கூடாது. நொதிக்கும்போது வரும் கரியமில வாயு கனமானது, தரையோரம் தங்கும். ஆளைக் கொல்லும். பழைய கிணற்றில் இறங்கும் முன் விளக்கை இறக்கிப் பார்ப்பார்களே, அதே விஷயம். அளவுக் கருவி பார்க்காமல், வெளியே ஒரு ஆள் நிற்காமல், தொட்டிக்குள் தலையை நீட்டாதீர்கள். முதலாளியே அவசரப்படுத்தினாலும் முடியாது என்று சொல்லுங்கள்.

குடிப்பதைப் பற்றி அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ஒயின் வேலையில் ருசி பார்ப்பது கட்டாயம், விழுங்குவது கட்டாயமில்லை. வாயில் வைத்துச் சுழற்றித் துப்புவதுதான் அங்கே முறை, எல்லோரும் துப்புவார்கள். நீங்கள் தண்ணீர் குடித்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சாப்பாட்டில் பன்றியும் மாடும் அடிக்கடி வரும். சாப்பிடாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒளிக்க வேண்டாம்.

குடும்பத் தோட்டத்தில் உள்ள ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் மேசையில் சாப்பிடுவீர்கள், அவர்கள் பிள்ளைகளோடு பேசுவீர்கள், கொஞ்ச நாளில் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிடுவீர்கள். அப்போது மணிக்கணக்கு கேட்க வாய் வராது. என் முதல் அறுவடை வேறொரு தோட்டத்தில். பாசமாகத்தான் பேசினார்கள், ஒப்பந்தம் மட்டும் எழுதவில்லை. மூன்றாம் வாரம் கூடை தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரிச் செலவு என் தலையில், பாதிக் கூலி வரவேயில்லை. கையெழுத்திட்ட காகிதம் இல்லாமல் ஒரு நாள்கூட வேலையில் இறங்காதீர்கள். விவசாயத் தொழிலாளர்களுக்கு எம்.எஸ்.ஏ. என்று தனிக் காப்பீடு இருக்கிறது, அதில் உங்கள் பெயர் பதிவாகிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள். வாரத்துக்கு 35 மணி, அதற்கு மேல் போனால் கூடுதல் கூலி. மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வரைதான் சம்பள வேலை செய்யலாம், அதனால் ஒரு நோட்டில் மணியைக் குறித்து வையுங்கள். இப்போது இருக்கும் வீட்டில் நான் இதைக் கேட்டபோது முதலாளியம்மா கோபப்படவில்லை. நல்ல மனிதர்கள் கோபப்படமாட்டார்கள்.

பிரெஞ்சு இப்போதே ஆரம்பியுங்கள். தோட்டத்துப் பெரியவர்கள் தங்களுக்குள் அல்சாஸ் மொழி பேசுவார்கள், அது ஜெர்மன் சாயல், புரியவில்லை என்று மனம் தளர வேண்டாம். தனிமை முதல் குளிர்காலத்தில் கடுமையாக இருக்கும். நாலரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறார்கள், மாதம் ஒரு தடவையாவது போய் வாருங்கள்.

நேற்று மாட்டுப்பொங்கல். கொம்புக்கு வர்ணம் பூசும்போது எங்கள் பசு தலையை ஆட்டிக்கொண்டே நின்றது. டெமீட்டர் பண்ணைகளில் மாட்டின் கொம்பை அறுக்கக்கூடாது என்று விதி. பிரான்ஸில் நிறைய இடங்களில் கன்றிலேயே கொம்பு முளையைச் சுட்டுத் தீய்த்துவிடுவார்கள். அந்த ஒரு விதிக்காகவே எங்கள் அம்மாவுக்கு என் முதலாளியம்மாவைப் பிடிக்கும், இருவரும் பார்த்ததேயில்லை.

போன அக்டோபரில் நான் போனில் சொல்லச் சொல்ல அம்மா பன்னிரண்டு கொம்புகள் புதைத்திருக்கிறார், காப்பித் தோட்டத்தின் மேல் ஓரத்தில், பலா மரத்துக்குப் பக்கத்தில். பிப்ரவரி கடைசியில் எடுக்க வேண்டும், நான் அதற்குள் போய்விடுவேன். அம்மாவால் குனிந்து தோண்ட முடியாது. பண்ணைக்காட்டிலிருந்து பைக்கில் வந்துவிடலாம் அல்லவா? வந்து எடுத்துக்கொடுங்கள். மண்வெட்டியை ஓரத்தில் மட்டும் போடுங்கள், கொம்பு தட்டுப்பட்டதும் கையால் மண்ணை விலக்குங்கள். இரண்டு கொம்பு உரத்தை உங்கள் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள், அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன்.